இறால் குட்டையில் காணாமல் போன லைப்ரரி

லேப்டாப்புக்குச் சாம்பார் ஆகாது என்பதைத் தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகிற பஸ்ஸில் தெரிந்துகொண்டேன். டிஃபன் பாக்ஸையும் அதையும் ஒரே பையில் வைத்தது யார் என்ற விசாரணை வேண்டாம். பையில் கைவைத்தது நான் ஒருவன்தான்.

மோட்டார் பேனல் போர்டு வயரிங் என் தொழில். போனில் மோட்டாரைப் போட வேண்டும், நிறுத்த வேண்டும் என்று ஆட்கள் கேட்க ஆரம்பித்த பிறகு, வீடியோ பார்த்து, ஈஎஸ்பி என்கிற சின்ன வைஃபை போர்டுக்குப் புரோகிராம் எழுதப் பழகினேன். அடுத்தவர் எழுதியதை வெட்டி ஒட்டப் பழகினேன் என்றால் இன்னும் சரி.

அன்று போய்ச் சேர வேண்டிய இடம் முத்துப்பேட்டைக்கு அந்தப் பக்கம், செல்வி என்ற அம்மாவின் இறால் குட்டை. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். குட்டையை அந்த அம்மாவும் தம்பி கலியமூர்த்தியும் பார்த்துக்கொள்கிறார்கள். தண்ணீரைச் சுழற்றிக் காற்றேற்றுகிற ஏரேட்டர் நின்றால், விடியற்காலையில் இறால் மூச்சு முட்டிச் செத்துவிடும். போன வளர்ப்பு முழுக்க அப்படித்தான் போயிற்று.

"சைரன் வச்சுப் பாத்தாச்சுண்ணே. இவன் கனவுல ஆம்புலன்ஸ் வந்துச்சுங்குறான்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார் செல்வி.

இப்போது மகளுக்குத் தலைப்பிரசவம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஏரேட்டர் நின்றால் தன் போனுக்கு மெசேஜ் வர வேண்டும், வந்தால் பக்கத்துக் குட்டை பாய்க்குப் போன் போட்டு ஜெனரேட்டரைப் போடச் சொல்லிவிடலாம். இந்த ஏற்பாடு நடந்தால் சாயங்கால பஸ்ஸில் மகளிடம் போகலாம். நடக்காவிட்டால் குட்டையிலேயே இருக்க வேண்டியதுதான்.

பஸ்ஸிலிருந்தே கலியமூர்த்திக்குப் போன் செய்து, செல்வி மகளின் லேப்டாப்பில் சாஃப்ட்வேரைப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைக்கச் சொன்னேன். நான் போவதற்குள் சொன்னதைச் சொன்னபடி செய்து வைத்திருந்தார். என் புரோகிராம் நல்லவேளையாகப் பென் டிரைவில், சட்டைப் பையில் இருந்தது.

கரண்டு போனாலும் ஓடுகிற மாதிரி போர்டைப் பேட்டரியோடு மாட்டினேன். ஏரேட்டர் ஒயரில் கரண்டு சென்சாரைக் கோத்தேன். புரோகிராமைக் கம்பைல் செய்தேன், அதாவது போர்டுக்குப் புரிகிற பாஷைக்கு மாற்றச் சொன்னேன். கிளவுடுக்குச் செய்தி அனுப்புகிற லைப்ரரி இல்லை என்று சிவப்பில் வந்தது.

லைப்ரரி என்பது யாரோ ஒரு புண்ணியவான் முன்பே எழுதி வைத்த புரோகிராம். நம் புரோகிராம் மேல் வரியிலேயே அதைப் பேர் சொல்லிக் கூப்பிடும். ஆள் வரவில்லை என்றால் வேலை அங்கேயே நின்றுவிடும். புது லேப்டாப்பில் இது சகஜம். கலியமூர்த்தியின் ஹாட்ஸ்பாட்டில் இறக்கினேன். 'இன்ஸ்டால்ட்' என்றது. மறுபடி கம்பைல். அதே லைப்ரரி, இல்லை.

எங்கள் பக்கம் ஒருவர் போனில் "இதோ வந்துட்டேன்" என்றால் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். 'இன்ஸ்டால்ட்' என்பதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன். ஜிப் ஃபைலாகப் போட்டேன். பழைய வெர்ஷனைப் போட்டேன். ஃபோல்டரைத் திறந்தால் லைப்ரரி கண்ணெதிரே இருக்கிறது. கம்பைலரைக் கேட்டால் இல்லை என்கிறது.

அதற்குள் மகளிடமிருந்து போன். செல்வி ஸ்பீக்கரில் போட்டார்.

"கெளம்பிட்டியாம்மா? வலி எடுத்துடுச்சு."

"இதோ கெளம்பிட்டேன் கண்ணு" என்றார். வரப்பில் பை கட்டி வைத்திருந்தது. என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பார்த்தேன்.

வெயில் அடித்து ஸ்கிரீன் சரியாகத் தெரியவில்லை. கலியமூர்த்தியிடம் கொடுத்து, "கொட்டகை நிழல்ல வச்சு அந்தச் செவப்பு வரிய மொதல்லேருந்து படிங்க" என்றேன்.

"டி டிரைவு... ஒரு கேள்விக்குறி... அப்புறம் லைப்ரரீஸ்..."

"கேள்விக்குறியா?"

"ஆமாண்ணே, அதுக்கே சந்தேகம் போலருக்கு."

நானும் அதைப் பார்த்திருந்தேன். கம்ப்யூட்டர் தன் போக்கில் போட்டுக்கொண்டது என்று தாண்டிப் போயிருந்தேன்.

"ஃபோல்டருக்கு என்ன பேரு வச்சீங்க?"

"உ-ன்னு வச்சேன். பிள்ளையார் சுழி போடாம எப்படிண்ணே ஆரம்பிக்கிறது?"

விஷயம் அவ்வளவுதான். விண்டோஸுக்குத் தமிழ் தெரியும். ஈஎஸ்பி கம்பைலருக்குத் தெரியவில்லை. அது 'உ'வைக் கேள்விக்குறியாகப் படித்து, அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்று திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் லைப்ரரியை நான் பத்திரமாக அந்த 'உ'வுக்குள்ளேயே இறக்கிக்கொண்டிருந்தேன்.

பேரை மாற்றுகிறேன் என்றதும் கலியமூர்த்தி லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"சுழிய அழிக்காதீங்கண்ணே. போன தடவ சுழி போடாம குஞ்சு விட்டதாலதான் இறாலு செத்துச்சு."

"போன தடவ செத்தது நீ தூங்குனதால" என்றார் செல்வி. "குடுறா அத."

"அக்கா, புள்ள பொறக்குற நேரத்துல..."

அந்த வார்த்தையில் செல்வி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிரசவ வலியில் இருக்கிற மகளை நடுவில் வைத்துக்கொண்டு பிள்ளையார் சுழியை அழி என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? எனக்கும் வரவில்லை.

"அழிக்க வேணாம். எடம் மாத்திக்குவோம்" என்றேன். புரோகிராமின் முதல் வரியில் இரண்டு சாய்வுக் கோடு போட்டு, பக்கத்தில் 'உ' என்று அவர் கையாலேயே டைப் செய்ய வைத்தேன். அந்தக் கோட்டுக்குப் பின்னால் என்ன எழுதினாலும் கம்பைலர் கண்டுகொள்ளாது, அழிக்கவும் அழிக்காது. கலியமூர்த்தி தள்ளி நின்று பார்த்தார். "இப்ப மேல ஏறிடுச்சு. இன்னும் விசேஷம்" என்று லேப்டாப்பை விட்டுக்கொடுத்தார்.

ஃபோல்டருக்கு இங்கிலீஷில் பேர் வைத்து, செட்டிங்ஸிலும் பாதையை மாற்றினேன். அந்த லைப்ரரி கிடைத்தது. அடுத்து, அது நம்பியிருந்த இன்னொரு லைப்ரரி இல்லை என்று வந்தது. இது நிஜமாகவே இல்லை. இறக்கினேன், புரோகிராமைப் போர்டில் ஏற்றினேன். கலியமூர்த்தியின் ஹாட்ஸ்பாட் வழியாகப் போர்டு கிளவுடோடு பேசியது.

ஏரேட்டரை நிறுத்தினோம். செல்வியின் போன் டிங் என்றது. அவர் நம்பவில்லை. "இங்கேயே நின்னா எல்லாந்தான் வரும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் நடந்துபோய், அங்கிருந்து கூப்பிட்டார். "இப்ப நிறுத்துங்க பாப்போம்." நிறுத்தினோம். "வந்துடுச்சு, பஸ்ஸும் வந்துடுச்சு" என்று போனை வைத்தார். அந்த இரண்டாவது சோதனை எனக்குத் தோன்றவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: லைப்ரரி இல்லை என்று வந்தால் உடனே இறக்காதீர்கள். எங்கே தேடிவிட்டு இல்லை என்கிறது என்று அந்தச் சிவப்பு வரியை முழுதாகப் படியுங்கள். புரியாத ஒரு குறி இருந்தால் சந்தேகம் அதன் மேல் இருக்கட்டும். ஃபோல்டர் பேர் இங்கிலீஷில் இருக்கட்டும், சாமி முதல் வரியில் இருக்கட்டும்.

மறுநாள் காலையில் செல்வி போன் செய்தார்.

"அண்ணே, விடியக்காலம் கரண்டு போயி மெசேஜ் வந்துச்சு. பாய் எந்திரிச்சுதான் இருந்தாரு, ஓடிப்போயி ஜெனரேட்டர போட்டுட்டாரு. இறாலுக்கு ஒண்ணும் இல்ல."

"மகளுக்கு என்னாச்சும்மா?"

"பொம்பளப் புள்ள. நர்ஸம்மா கையில குடுக்குறாங்க, அந்நேரம் பாத்து மெசேஜு. ஒரு கையில புள்ளைய வாங்கிக்கிட்டு, பாய்ட்ட 'டீசல் இருக்கா பாருங்க'ங்குறேன். பேத்தி காதுல விழுந்த மொத வார்த்தையே அதாண்ணே."