ஊசிக்கு அகப்படாத தும்மல்

ஏற்காட்டுக் காற்றைச் சுவாசிக்க ஊரெல்லாம் மலையேறி வருகிறது. அந்தக் காற்றிலேயே குடியிருக்கும் பாக்கியம் பெற்ற நான், மழை ஓய்ந்து புல் பூக்கும் மாதங்களில் துண்டும் கையுமாக அலைவேன். விடிந்ததும் தும்மல் தொடங்கிவிடும். கண் அரிக்கும், மூக்கு குழாய்போல ஒழுகும்.

என் கணவர் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் ரைட்டர். எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புவார். சேலத்தில் ஓர் அலர்ஜி டாக்டரிடம் கூட்டிப்போனார். முன்கையில் புல் மகரந்தம், தூசி, பூஞ்சை என்று சொட்டுச் சொட்டாக வைத்து ஊசியால் குத்தினார்கள். ஒரு தடிப்புகூட எழவில்லை. ரத்தத்திலும் அலர்ஜிக்கான எதிர்ப்பொருள் இல்லை.

"உங்களுக்கு அலர்ஜியே இல்லம்மா. மனச லேசா வச்சுக்குங்க" என்றார் டாக்டர். அவர் மேசைமீதே தும்மி என் நன்றியைத் தெரிவித்தேன்.

அன்றோடு என் தும்மலுக்கு வீட்டில் மரியாதை போயிற்று. "ரத்தத்துல இல்லாதது மூக்குல மட்டும் எங்கிருந்து புள்ள வரும்? எங்கக்கா ஊட்டுக்குப் போலாம்னாத்தான் உனக்கு நொம்பத் தும்மல் வருது" என்பார் கணவர். அக்கா வீட்டு வாசல்வரை புல் மண்டிக்கிடப்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மாமியார் பரிவானவர். "வேல செய்ய முடியலீன்னா வாயத் தொறந்து சொல்லு கண்ணு. எதுக்கு மூக்கப் போட்டுப் பாடாப்படுத்தற?" என்றார்.

நாளாக ஆக, வருவது நிஜத் தும்மல்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. யோசித்து முடிப்பதற்குள் அடுத்த தும்மல் வந்துவிடும்.

பிறகு, காது மூக்கு தொண்டை பார்க்கும் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, "கையப் பாத்தாச்சு, ரத்தத்தப் பாத்தாச்சு. தும்முறது மூக்குதானே, அத யாரும் பாக்கலியா?" என்றார். தொந்தரவு இல்லாத மாதத்தில் மறுபடி வரச் சொன்னார்.

போனோம். முதலில் வெறும் உப்புநீரை மூக்கில் அடித்தார். ஒன்றும் ஆகவில்லை. கணவர் முகத்தில் வெற்றிக்களை. அடுத்து, புல் மகரந்தம் கரைத்த மருந்து. என்ன நடக்கிறதென்று பார்க்கக் கணவர் குனிந்து முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்தார். இஸ்திரி போட்ட சட்டை முழுக்க என் பதிலை வாங்கிக்கொண்டார்.

"சில பேருக்கு மூக்கோட உள்சவ்வுலயே எதிர்ப்பொருள் உற்பத்தியாகும். வேலையும் அங்கயேதான் செய்யும். தோல்லயும் ரத்தத்துலயும் தேடுனா கெடைக்காது" என்றார் டாக்டர்.

"அப்ப நெசமாவே அலர்ஜிதானுங்களா?" என்று சட்டையைத் துடைத்தபடி கேட்டார் கணவர்.

நோய் இருக்கிறது என்று கேட்டு இவ்வளவு மகிழ்ந்த நோயாளியை அந்த டாக்டர் பார்த்திருக்க மாட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூக்கில் அடிக்கும் மருந்தால் இப்போது தும்மல் பாதிக்குமேல் அடங்கிவிட்டது. கணவர்தான் அடங்கவில்லை. பஸ்ஸில் யார் தும்மினாலும் திரும்பி, "ஏனுங்க, ரத்தப் பரிசோதனைய மட்டும் நம்பிராதீங்க" என்று பாடம் எடுக்கிறார். எல்லாவற்றையும் தாமே கண்டுபிடித்தாராம்.