எனக்கு வந்த வார்டு

எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி நகரத்தில் மேயர். அந்த நகரத்துக்கு அவள்தான் முதல் பெண் மேயர். கேரள எல்லையில் இருக்கிற எங்கள் குன்னத்துகாலில் இதைச் சொல்லாத ஆளில்லை. நான் சொன்னதில்லை.

நூறு நாள் வேலையில் அவள் என் குழுவில் இருந்தாள். நான் மேட். காலையில் பேர் எடுப்பதும் வேலை அளந்து விடுவதும் நான். அவள் ஓடைக்கரையில் காடு வெட்டுவாள். பத்து வரை படித்தவள். ஆனாலும் நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டாள். குழாய்த் தண்ணீருக்காக பஞ்சாயத்தில் போய்ச் சண்டை போட்டது நான். அவள் என் பின்னால் நின்றாள்.

ஒரு எலெக்‌ஷனில் எங்கள் பஞ்சாயத்து வார்டு பெண்கள் மட்டும் நிற்கிற பெண் வார்டு ஆனது. கட்சிக்காரர் முதலில் வந்தது என் வீட்டுக்கு.

"நீங்க நிக்கணும் அக்கா. வேற ஆரு உண்டு இங்க?"

சரி என்றேன். மறுநாள் வோட்டர் லிஸ்டோடு வந்தார்.

"அக்கா, உங்க பேரு இதுல இல்லியே."

இருக்காது. என் அண்ணன் வீடு பனச்சமூட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். அங்கே அரசாங்கம் மிக்ஸியும் ஃபேனும் சும்மா கொடுத்த நேரம். எந்தப் பக்கம் என்ன கிடைக்குமோ அந்தப் பக்கம் ரேஷன் கார்டு வைப்பது எல்லையில் வழக்கம். நானும் கார்டையும் ஓட்டையும் அண்ணன் விலாசத்துக்கு மாற்றியிருந்தேன். இங்கே பேரை வெட்டிவிட்டார்கள்.

"இனி சேக்க முடியாதா?"

"நாளு கழிஞ்சு போச்சு. வேற ஒரு பெண்ணச் சொல்லுங்க."

நான்தான் அவள் பேரைச் சொன்னேன். பயந்தவள், இந்த ஒரு தடவை நிற்கட்டும், அடுத்தது நான் என்று நினைத்தேன். அடுத்த தடவை அது பெண் வார்டு இல்லை.

அவள் ஜெயித்தாள். பேசப் படித்தாள். புருஷனுக்கு நகரத்தில் வேலையாகி அங்கே குடிபோனார்கள். அங்கேயும் நின்றாள், ஜெயித்தாள். மேயர் ஆனாள். சந்தையில் மீன் விற்கிற பெண்களுக்குக் கக்கூஸ் கட்டிக் கொடுத்தாள் என்று டிவியில் காட்டினார்கள். நான் சேனல் மாற்றினேன். எனக்கும் அது தோன்றியிருக்கும்.

போன மாதம் சர்ச் ஹாலில் அவளுக்கு வரவேற்பு. நான் போனது ஒன்றுக்காகத்தான். முதல் டிக்கெட் எனக்கு வந்தது என்று அவள் எல்லோருக்கும் கேட்கச் சொல்லவேண்டும். போதகருக்கு நன்றி சொன்னாள், கட்சிக்குச் சொன்னாள். "எங்க மேட் அக்கா" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அவ்வளவுதான்.

சாப்பாடு கழிந்து கை கழுவுகிற இடத்தில் அவளைப் பிடித்தேன்.

"மேயரம்மோ, அந்த வார்டு ஆருக்கு வந்ததுண்ணு மறந்து போச்சோ?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மறக்கல்ல அக்கா. சொன்னா, பின்ன அந்த அக்கா ஏன் நிக்கல்லண்ணு எல்லாரும் கேப்பினும். மிக்ஸிக் கதைய நான் மைக்குல சொல்லணுமா? உங்களுக்கு நாணக்கேடாக்கும்."

அவள் திமிராக ஏதாவது சொல்லியிருந்தால் வீட்டுக்கு நிம்மதியாகப் போயிருப்பேன். அதற்கும் இடம் தரவில்லை.

கார் போனதும் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள்.

"மேயரு உங்ககிட்ட தனியா என்ன பேசினா?"

"நகரத்துக் காரியம். யோசனை கேட்டா" என்றேன்.

அவள் நம்பினாள். எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியது.