மாமா உட்கார எஸ்டிமேட்டில் இடமில்லை

ஆட்களை வைத்துப் படம் எடுத்தால் பணம் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். பொம்மைகளை வைத்து எடுத்தால் பணம் போகிறது என்பது மட்டும்தான் தெரியும். வீடு கட்ட எஸ்டிமேட் போட்டவர்கள், பெண்ணின் கல்யாணச் செலவு இவ்வளவுதான் என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டவர்கள், எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். நானும் உங்கள் கட்சிதான்.

சென்னையில் பதினாறு வருடம் சினிமா கம்பெனிகளில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்தேன். வேன் பிடிப்பது, சாப்பாடு சொல்வது, ரூம் போடுவது என் வேலை. ஊருக்குத் திரும்பி வந்தபோது, என் மனைவியின் அண்ணன் கலியமூர்த்தி ஒரு கார்ட்டூன் படம் தயாரிக்கப் போவதாகச் சொன்னார். மச்சான் அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் வைத்து ஓட்டுபவர். பெங்களூரில் அனிமேஷன் வேலை பார்த்துவிட்டு வந்த கவிதா என்ற பெண்தான் டைரக்டர். பாடாலூரிலிருந்து ஒரு குடும்பம், குழந்தைக்குக் காது குத்துவதற்காகக் குட்டியானை வண்டியில் ஏறிக் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டு வழியைத் தொலைத்துவிடுகிறது. அவ்வளவுதான் கதை.

நான்கு லாரிகளில் ஒன்றை விற்று மச்சான் முதல் தவணைப் பணம் கொண்டுவந்தார். அது அவர் முதன்முதலில் வாங்கிய லாரி. ஐம்பது லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் ஆகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தவன் நான். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சாப்பிடாதவர்கள்

பெரம்பலூரில், துறையூர் ரோட்டில், ஓர் உரக்கடையின் மாடியில் ஆபீஸ் போட்டோம். ஏழு பேர், ஏழு கம்ப்யூட்டர். நான் சென்னையிலிருந்து கொண்டுவந்த பழைய பட்ஜெட் ஃபாரத்தை எடுத்து நிரப்பினேன். சாப்பாடு இல்லை. வேன் இல்லை. மேக்கப் இல்லை, லாட்ஜ் இல்லை, ஹீரோவின் அம்மாவுக்குத் தனி ரூம் இல்லை. எல்லா வரியிலும் சுழியம் போட்டுக்கொண்டே வந்தபோது, இவ்வளவு சுலபமான தொழிலை விட்டுவிட்டுப் பதினாறு வருடம் வீணாக்கினோமே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

கவிதா அந்தத் தாளை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தில் தன் கணக்கை எழுதினார். மாடலிங், ரிக்கிங், லைட்டிங், ரெண்டரிங். ஒவ்வொன்றுக்கும் எதிரே லட்சங்கள். எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. பதினாறு வருட அனுபவசாலி அதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வதா என்று தலையை மட்டும் ஆட்டினேன். மச்சானுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. தாளைப் பிடித்து மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“சாப்பிடாத ஆளுங்களுக்கே இவ்ளோ செலவுன்னா, சாப்பிடுற ஆளுங்கள வச்சே எடுத்துடலாமே மாப்ள?”

பச்சைத் துண்டு

படத்தில் வரும் தாய்மாமனுக்குக் கவிதா மச்சானின் முகத்தையே வைத்துவிட்டார். அதே மீசை, அதே முன்வழுக்கை. பார்த்த மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே உறவுக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். மறுநாள் என் வாட்ஸ்அப்பில் நாற்பத்திரண்டு போட்டோக்கள் வந்து விழுந்தன. காதுகுத்துக் கூட்டத்தில் இத்தனை பேரும் நிற்க வேண்டும், ஒரு பங்காளியை விட்டாலும் நாளைக்கு என் வீட்டு விசேஷத்துக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள் என்றார் மச்சான்.

நிஜப் படத்தில் உறவுக்காரக் கூட்டம் என்றால் எனக்குக் கொண்டாட்டம். ஒரு வேளை பிரியாணி போட்டால் முடிந்தது. இங்கே ஒவ்வொரு தலைக்கும் தனி விலை. பன்னிரண்டு முகத்துக்குத்தான் பணம் இருக்கிறது, மற்ற முப்பது பேரும் முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும் என்று கவிதா சொல்லிவிட்டார். அதிலும் அந்த முப்பதும் ஒரே முதுகு.

கீழப்பழுவூரிலிருந்து மச்சானின் சித்தப்பா ஒருவர் பஸ் ஏறி வந்து, நான் எங்கே நிற்கிறேன் காட்டு என்றார். நான் குத்துமதிப்பாக ஒரு முதுகைக் காட்டினேன். மனிதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். சண்டை போடப் போகிறார் என்று நான் பதில் தயார் செய்துகொண்டிருந்தேன். அவர் தணிந்த குரலில் கேட்டது இவ்வளவுதான்:

“தோள்ல ஒரு பச்சத் துண்டாவது போட்டு வுடுங்க தம்பி, ஊர்ல அடையாளம் சொல்லிக்கிறேன்.”

நின்றபடி ஓடும் லாரி

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு மச்சான் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். ஏழு கம்ப்யூட்டரும் உறுமிக்கொண்டிருந்தன. ஏழு பேரும் பால்கனியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். லாரி வைத்திருப்பவருக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை. வண்டி நிற்கும்போது இன்ஜினை அணைக்காத டிரைவரை அவர் அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார். கையோடு ஸ்விட்ச் போர்டு பக்கம் போனவரைக் குறுக்கே விழுந்து தடுத்தேன்.

ரெண்டரிங் ஓடுகிறது, அதாவது கம்ப்யூட்டர் ஒவ்வொரு படமாகத் தானே தீட்டிக்கொண்டிருக்கிறது, நாம் தொடவே கூடாது என்று முந்தின வாரம் கவிதா எனக்குச் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். ஒரு செகண்ட் படத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்றார். நாலு மணி நேரம் என்றேன். சொன்ன பிறகு எனக்கே அதில் நம்பிக்கை வரவில்லை. மச்சான் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் கையை வைத்துச் சூடு பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்:

“வண்டி நின்ன எடத்துலயே நிக்கிது, ஆனா ஊர் வந்துடும்ங்கிறீங்க. சரி மாப்ள, வர்றப்ப வரட்டும்.”

வேட்டி மடிப்பு

கடைசியாகக் காதுகுத்துக் காட்சி வந்தது. ஐம்பது லட்சத்தில் கடைசித் தவணை மட்டும்தான் பாக்கி, அதுவும் சம்பளத்துக்கே சரியாக இருக்கும். அப்போதுதான் அனிமேட்டர் ஸ்டீபன் வந்து, மாமாவை உட்கார வைக்க முடியாது சார் என்றார்.

ஏன், கால் வலியா என்றேன். அவர் சிரிக்கவில்லை. இந்தப் பொம்மைகளுக்கு உள்ளே எலும்பு போட்டால்தான் அசையுமாம், ரிக்கிங் என்பது அதுதானாம். மாமா படம் முழுக்கக் குட்டியானையின் பின்னால் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வருகிறவர். உட்காரும் எலும்புக்காகக் கவிதா எஸ்டிமேட்டில் ‘மாமா உட்காருவது – ஒன்று நாற்பது’ என்று ஒரு வரி எழுதியிருந்தார். அதை அடித்தது யார் என்று கேட்டார் ஸ்டீபன். நான்தான். சேர் வாடகை என்று நினைத்தேன். ஒரு சேருக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரமா, நம்மிடமே கதை விடுகிறார்களே என்று சிவப்பு மையில் அடித்து, அன்றைக்கு என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

விஷயம் தெரிந்தபின் நான் ஒரு வழி சொன்னேன். குழந்தையின் அப்பாதான் வண்டி ஓட்டுகிறார், அவருக்கு உட்காரத் தெரியும். காது குத்தும்போது குழந்தை அவர் மடியில் இருக்கட்டும், மாமா பக்கத்தில் நிற்கட்டும், நாற்பது செகண்ட் காட்சியை யார் கவனிக்கப் போகிறார்கள் என்றேன். கவிதா முகத்தைச் சுளித்தார். நானோ பணம் இல்லை என்ற ஒரே வார்த்தையில் நின்றேன். அப்பாவுக்கு மட்டும் எப்படிச் சுலபமாக வந்தது என்று ஸ்டீபனிடம் கேட்டதற்கு அவர் பொறுமையாகச் சொன்னார்:

“அவரு பேன்ட்டு சார். மாமா வேட்டி. உக்காந்தா வேட்டி மடியணுமில்ல.”

நாற்பது செகண்ட்

காட்சி தயாரானதும் மச்சான் குடும்பத்தோடு வந்தார். என் மனைவியும் வந்திருந்தாள். வண்டி வழி தவறிச் சோளக்கொல்லைக்குள் புகும் இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு கோயில் வந்தது. ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை அப்பாவின் மடியில் உட்கார்ந்து வீறிட்டது. மச்சானின் முகம் கொண்ட மாமா, சீர்த்தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, கேட்டரிங் ஆள் மாதிரி ஓரமாக நின்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. மச்சான் டீயைத் தொடாமல் எழுந்து, லோடு இறங்குகிறது, பார்க்கணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திங்கட்கிழமை வரவேண்டிய தவணை வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. ஏழு பேர் சம்பளத்துக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பணத்தைவிட எனக்கு வெட்கம்தான் அதிகமாக இருந்தது. முதல் லாரியை விற்றுக் கொடுத்த மனிதரை, அவர் எடுக்கும் படத்திலேயே, இரண்டாயிரம் பேர் பார்த்தாலும் இருபது லட்சம் பேர் பார்த்தாலும் ஓரமாக நிற்கும்படி செய்துவிட்டேன். அதையும் சிக்கனம் என்று நினைத்துச் செய்திருக்கிறேன். வீட்டில் விளக்கம் சொல்லப் பார்த்தேன். எலும்பு, வேட்டி, ரிக்கிங் என்று ஆரம்பித்ததும் மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள்:

“எம்பொண்ணு காது குத்துறப்ப எங்கண்ணன் மடியிலதான உக்காந்தா. அன்னிக்கு எஸ்டிமேட்டு போட்டுட்டா உக்காந்தாரு?”

தட்டு

ஐந்தாம் நாள் மச்சானின் லாரி ஒன்று உரக்கடை வாசலில் வந்து நின்றது. மச்சானும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் இறங்கினார்கள். அக்காவின் கையில் ஒரு பெரிய தாம்பாளம். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய், பூ, மேலே அரக்குக் கலரில் சின்னதாக ஒரு பட்டுப் பாவாடை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாருக்கு விசேஷம் என்று மெதுவாகக் கேட்டேன். கம்ப்யூட்டரில் இருக்கும் குழந்தைக்குத்தான் என்றார் அக்கா. தாய்மாமன் எடுத்த துணியைத்தானே பிள்ளை உடுத்த வேண்டும் என்று பாவாடையைக் கவிதாவிடம் நீட்டினார். கவிதா அதை விரித்து நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

வெற்றிலைக்கு அடியில் இரண்டு கவர்கள். ஒன்று திங்கட்கிழமைத் தவணை. இன்னொன்றில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். மச்சான் ஸ்டீபனுக்குப் போன் செய்து விலை கேட்டிருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பழக்க தோஷத்தில் கை மேஜைக்குப் போய் வவுச்சர் புத்தகத்தை எடுத்துவிட்டது. முதல் கவருக்கு எழுதுவதை மச்சான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவதற்குத் தாளைத் திருப்பியதும் புத்தகத்தின் மேல் கையை வைத்துவிட்டார்:

“காதுகுத்துச் செலவு தாய்மாமன் செலவு மாப்ள. அதப் பட்ஜெட்டுல எழுதி என்னைய அசிங்கப்படுத்திறாதீங்க.”

மாமா இப்போது சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார், வேட்டியும் அழகாக மடிந்துவிட்டது, ஐம்பது லட்சத்தையும் தாண்டவில்லை. படத்திலேயே அதிகம் செலவான நாற்பது செகண்டுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை என்று ஆடிட்டரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இன்னும் எனக்கு விளங்கவில்லை.