அவசரக்காரியின் பார்சல்

பதினோரு வருட வேலையில் கூரியர்காரர் ஒரு பார்சலைக்கூடத் தாமதமாகக் கொடுத்ததில்லை. சொன்ன தேதிக்கு முன்னாலேயே அவருக்கு வந்து சேர்ந்த ஒரே சரக்கு, அவருடைய மகள். எட்டு வாரம் முந்திப் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய் வழியே பால் குடித்துத் தேறியவள். வீட்டில் அவளை அவசரக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவளுக்கு ஐந்து வயதானபோது அவள் பிறந்த ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா போன் செய்தார். “குறைமாசத்துல பொறந்த குழந்தைங்க வயித்துல நல்ல கிருமிங்க குடியேறவே தாமதமாகலாம். அப்போ குடுத்த ஆன்டிபயாட்டிக்கும் ஒரு காரணமா இருக்கலாம். வளர்ந்த பிறகும் அந்த வித்தியாசம் இருக்கான்னு பாக்கறோம். பாப்பாவோட மலம் கொஞ்சம் வேணும். ஐஸ் பெட்டியில வச்சு ரெண்டு மணி நேரத்துல கொண்டு வந்துடுங்க.”

“கவலைய விடுங்க டாக்டர், என் தொழிலே அதானே!”

ஆனால் அவசரக்காரி அசையவில்லை. மூன்று நாள் கூரியர்காரர் கழிவறை வாசலில் டப்பாவும் கையுமாகத் தவம் கிடந்தார்.

“வந்துச்சாம்மா?”

“நீங்க கேட்டா வர்றதும் உள்ள போயிடுதுப்பா!”

நான்காம் நாள் அவர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்தது. டப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்து, வாயில் நுரையோடு ஸ்கூட்டரை விரட்டினார். ஆஸ்பத்திரி வரவேற்பறையில் பழக்கதோஷம் நாக்கில் வந்துவிட்டது.

“மேடம், உங்களுக்கு ஒரு பார்சல். கையெழுத்துப் போடுங்க.”

வரவேற்பில் இருந்த பெண், யாரோ ஆசையாய் ஐஸ்கிரீம் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து டப்பாவைத் திறந்தே விட்டாள். அதன் பிறகு அவர் எந்தக் கையெழுத்தும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து டாக்டரம்மா முடிவைச் சொன்னார். “சில வகைக் கிருமிங்க மத்த பிள்ளைங்களவிட குறைச்சல். அதனால என்ன ஆகும், ஆகாதுன்னு எங்களுக்கே இன்னும் சரியா தெரியல. நல்லா சாப்பிடறா, ஓடியாடறா. நீங்க பயப்படாதீங்க.”

அன்று சாயங்காலம் மனைவியிடம் அவர் இதை இரண்டு தரம் சொன்னார். பயம் பாதி போயிருந்தது. அவசரக்காரி மேசைக்கு அடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது இருவருக்கும் தெரியாது.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். “சார், உங்க பொண்ணு எங்க நாயோட மூக்க நக்கறா!”

கூரியர்காரர் அலறியடித்துக்கொண்டு போனார். “என்னடி பண்ற?”

“எனக்குக் குறைச்சல்னு சொன்னீங்கல்ல? இதுகிட்ட நிறைய இருக்கும்பா. கொஞ்சம் வாங்கிக்கிட்டேன்.”

அவளைத் தூக்கிப் போய் வாயைக் கழுவிவிட்டார். நாய் மட்டும் கட்டிலுக்கு அடியில் புகுந்து வெகுநேரம் வெளியே வரவில்லை.