பணிவான பிள்ளை என்று நான் எழுதிய கடிதம்

1. ஒன்பதாவது மறுப்பு

கடைசி மறுப்பு வந்த அன்றும் ஷெரின் வழக்கம்போல எட்டு மணிக்கே வந்து ஆய்வுகூடத்தைத் திறந்தாள். காமாக் கதிர் டிடெக்டருக்கு வோல்டேஜ் கொடுத்தாள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் கொப்பிகளை அடுக்கி வைத்தாள். அதற்குப் பிறகுதான் என் அறைக்கு வந்தாள்.

"மெடம், அதுவும் வந்திருச்சு."

"என்னவாம்?"

"ரிஜெக்ட். ஒன்பதும் முடிஞ்சிது."

நான் அப்போது கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் சிரேஷ்ட விரிவுரையாளர். ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. ஷெரின் எங்களிடமே படித்து, முதல் வகுப்பில் சித்தியடைந்து, என் ஆய்வுகூடத்தில் மாணவர்களின் பரிசோதனைகளை மேற்பார்க்கும் தற்காலிக டெமொன்ஸ்ட்ரேட்டராக இருந்தவள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை. தகப்பன் துறைமுகத்தில் வார்ஃப் கிளார்க். அமெரிக்காவில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. அந்த வருடம் ஒன்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்திருந்தாள்.

"அப்பா ஒரு தடவ ட்ரை பண்ணிப் பார்க்கச் சொன்னாரு. கிடைக்காட்டி சொஃப்ட்வேர் கம்பனிக்குப் போகச் சொல்லிட்டாரு. அவங்க ஏற்கனவே ஓஃபர் தந்திருக்காங்க மெடம்."

"கவலைப்படாதையும் பிள்ளை. அங்க போட்டி அப்படி" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனாள். எனக்கு மனவருத்தம்தான். ஆனால் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவளுக்கு நான் எழுதிய சிபாரிசுக் கடிதத்தைப் போல ஒன்றை அதுவரை வேறு யாருக்கும் எழுதியதில்லை.

2. கடிதம் எழுதும் முறை

வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. வெளிநாட்டுப் படிப்புக்கு மூன்று விரிவுரையாளர்களின் கடிதம் வேண்டும். மாணவர் அவற்றைப் பார்க்கக் கூடாது. விண்ணப்பத்திலேயே 'பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்' என்று அடையாளமிட்டுவிடுவார்கள். சட்டம் அப்படி. நடப்பது வேறு. எங்கள் ஆட்களில் பலர், "நீரே எழுதிக்கொண்டு வாரும், நான் சைன் வைக்கிறன்" என்பார்கள். பிள்ளையும் தன்னைத் தானே புகழக் கூசிக் கூசி எதையோ எழுதிக்கொண்டு போகும்.

நான் அப்படிச் செய்ததில்லை. எனக்கு அதில் பெரிய தலைக்கனம் இருந்தது. ஒவ்வொரு கடிதத்தையும் நானே உட்கார்ந்து எழுதுவேன். நான் படித்த யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் அதிபர் தரும் நற்சான்றிதழ்தான் என் மனதில் பதிந்த மாதிரி. கீழ்ப்படிவு, நேரந்தவறாமை, பெரியவர்களிடம் மரியாதை. இந்த மூன்றும் இருந்தால் ஒரு பிள்ளையை எங்கேயும் அனுப்பலாம் என்பது எங்கள் அதிபரின் கட்சி. வளர்ந்து விரிவுரையாளரான பிறகும் நான் அந்தக் கட்சியை விட்டு விலகவில்லை.

ஷெரினுக்கும் அப்படித்தான் எழுதினேன். 'மிகவும் பணிவான பிள்ளை. சொன்னதைச் சொன்னபடி செய்வாள். ஒருநாளும் பிந்தி வந்ததில்லை. என்னோடு ஒரு தடவைகூட வாதாடியதில்லை.' கடைசி வசனத்தை எழுதியபோது எனக்கே பெருமையாக இருந்தது.

3. வெள்ளவத்தையில் ஒரு தேநீர்

சித்திரை விடுமுறைக்குச் சிவா கொழும்பு வந்திருந்தான். என் பட்ச்மேட். முப்பது வருடமாக அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியர். ஷெரின் அங்கே விண்ணப்பிக்கவில்லை. வெள்ளவத்தையில் என் பிளாட்டுக்கு வந்தவன், ஜன்னல் பக்கத்துக் கதிரையில் இருந்து கடலையும் ரயிலையும் பார்த்துக்கொண்டு, வடையை ஒரு கை பார்த்தான்.

"இந்த முறை அட்மிஷன் கொமிட்டியில என்னைப் போட்டுட்டாங்கள். எழுநூறு அப்ளிகேஷன். கண் பூத்துப் போச்சு."

"எங்கட பிள்ளையள் இல்லையோ?"

"இருக்கினம். மார்க்ஸ் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இஞ்சையிருந்து வாற கடிதங்களை வாசிச்சீரெண்டால் சிரிப்பீர். பணிவான பிள்ளை, நேரத்துக்கு வருவா, மரியாதை தெரிஞ்சவ. நான் என்ன மருமகளே தேடுறன்?"

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"அதில என்ன பிழை சிவா? நல்ல குணம்தானே?"

"குணத்தை ஆர் கேட்டது? ரிசேர்ச் செய்யுமோ எண்டுதான் கேட்கிறம். வேற ஒண்டும் எழுத இல்லாதபடியாத்தான் வாத்தி குணத்தை எழுதியிருக்கிறார் எண்டு மற்ற ஆக்கள் நினைப்பினம். 'வாதாடவே மாட்டா' எண்டு எழுதினா, கதை முடிஞ்சுது. அந்த ஃபைலை மூடிப் பக்கத்தில வைச்சிடுவாங்கள்."

தேத்தண்ணி இன்னொன்று போட்டுவருவதாகச் சொல்லி உள்ளே போனேன். குசினியில் நின்றபடி போனில் அந்தக் கடிதத்தைத் திறந்து வாசித்தேன். ஒரு முழுப் பக்கம். பௌதிகவியல் என்ற சொல் முகவரியில் மட்டும் இருந்தது.

கேத்தலில் தண்ணீர் கொதித்து வற்றும்வரை நின்றிருக்கிறேன். சிவா கூப்பிட்டபோதுதான் அடுப்பை அணைத்தேன்.

4. சீ.ஆர். கொப்பி

அவளிடம் சொல்லுவதா விடுவதா என்று ஒரு கிழமை எனக்குள் இழுபறி. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள்தான் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டாளே. அடுத்த மாதம் சொஃப்ட்வேர் கம்பனிக்குப் போய்விடுவாள். போட்டி அதிகம் என்று நானும் அவளும் கடைசிவரை நம்பிக்கொண்டிருக்கலாம். இந்த யோசனை எனக்கு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு முறை அல்ல, பல முறை வந்தது.

திங்கட்கிழமை அவளை அறைக்குக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கையில் கொடுத்தேன்.

"வாசியும்."

"நான் பார்க்கக் கூடாதே மெடம்."

"பாரும். உம்மட ஒரு வருஷத்தை நான்தான் வீணாக்கினனான்."

சிவா சொன்னதைச் சொன்னேன். அவள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அவளுடைய முகம் இறுகியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"அப்போ என்னப் பத்தி உங்களுக்கு வேற ஒண்ணுமே தெரியாதா மெடம்?"

நாலு வருடம் என்னிடம் படித்தவள். ஒன்றரை வருடம் என் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள். யோசித்துப் பார்த்தேன். உண்மையில் தெரியாது.

"தெரியாது பிள்ளை. அதுதான் கேக்கிறன். இஞ்ச நீர் என்ன செய்தனீர்? நான் சொல்லிச் செய்ததை விடும். நீராகச் செய்தது ஏதும் இருக்கோ?"

கடிதத்தை மடித்து மேசையில் வைத்தாள். பிறகு எழுந்து போய், மேசை லாச்சிக்குள்ளிருந்து மட்டை கிழிந்த ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"கோவிக்க மாட்டீங்களே மெடம்?"

கொப்பி முழுக்க மூன்று நிரல்கள். நேரம், அறை வெப்பநிலை, டிடெக்டரில் சீசியக் கதிரின் பீக், அதாவது உச்சம், விழுந்த சேனல் எண். மூன்று மாதத்து அளவீடுகள். எங்கள் காமாக் கதிர்ப் பரிசோதனைக்கான வழிகாட்டியை எழுதியவள் நான். காலையில் ஒரு தரம் கலிபிரேஷன் செய்து டிடெக்டரின் அளவைச் சரிப்படுத்தினால் நாள் முழுக்கப் போதும் என்று அதில் எழுதியிருக்கிறேன். மின்சாரத்தை மிச்சம்பிடிக்க மதியம் பன்னிரண்டரைக்கு ஏசியை நிறுத்த வேண்டும் என்பதும் என் கட்டளைதான். இரண்டையும் சேர்த்து நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. அறை சூடேறச் சூடேற டிடெக்டரின் பீக் இறங்குகிறது. காலை கலிபிரேஷனை வைத்துக்கொண்டு பின்னேரம் அளந்தால் விடை பிழைக்கும். எவ்வளவு கவனமாக அளந்தாலும் பிழைக்கும்.

"பின்னேர பேட்ச்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.

"ஆமா மெடம். நான் படிச்சப்ப நானும் பின்னேர பேட்ச்தான்."

பதினொரு வருடம் பின்னேர பேட்சுக்கு நான் மார்க் குறைத்திருக்கிறேன். 'சோத்தைத் திண்டிட்டு வந்து நித்திரை கொண்டா இப்படித்தான் வரும்' என்று எல்லோர் முன்னாலும் ஏசியிருக்கிறேன். சில பிள்ளைகள் என் வாய்க்குப் பயந்து, காலை பேட்சின் எண்களைப் பார்த்து எழுதியும் இருப்பார்கள். அவர்களுக்கு முழு மார்க் போட்டிருப்பேன்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"மேனுவல் நீங்க எழுதினது. எப்படி மெடம் சொல்றது?"

என்னோடு ஒரு தடவைகூட வாதாடியதில்லை என்று நான் பெருமையாக எழுதியதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று மாத வேலையை லாச்சிக்குள் பூட்டி வைத்திருக்கிறாள். அவளை அப்படிப் பூட்டி வைக்கப் பழக்கியவள் நான்.

5. இரண்டாவது கடிதம்

ஷெரின் தகப்பன் சொன்னபடி சொஃப்ட்வேர் கம்பனியில் சேர்ந்தாள். இன்னொரு வருடம் விண்ணப்பிக்க அவரைச் சம்மதிக்க வைக்க நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவர் மரியாதையாக உட்காரவைத்து, நெக்டோ சோடா வாங்கித் தந்து, நேரே கேட்டார்.

"போன தடவ இவ கெட்டிக்காரின்னுதானே சொன்னீங்க டீச்சர்? அப்புறம் ஏன் கிடைக்கல?"

"பிழை என்னிலதான். அவவில இல்லை."

அவர் மகளைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள். "சரி, இன்னொரு தடவ" என்றார்.

புதிய கடிதத்தை எழுத எனக்கு நான்கு நாள் எடுத்தது. அதில் இப்படி வந்தது: 'பதினொரு ஆண்டுகளாக நான் ஒரு பிழையான முறையைக் கற்பித்தேன். அதை நானும் கவனிக்கவில்லை, என் சக விரிவுரையாளர்களும் கவனிக்கவில்லை. இவர் கவனித்தார். யாரும் கேட்காமல் மூன்று மாதம் அளந்து, காரணத்தையும் நிறுவினார்.' கீழே அவளுடைய அளவீடுகளின் வரைபைச் சேர்த்தேன்.

துறைத்தலைவர் என்னைவிட இளையவர். வாசித்துவிட்டு முகம் சுளித்தார்.

"அக்கா, இதை எங்கட லெட்டர்ஹெட்டில அனுப்பவேணுமா? டிபார்ட்மென்டுக்கு என்ன பேர் வரும்?"

"உள்ள பேர்தான் வரும் தம்பி" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

இந்த முறை ஆறு இடம். ஐந்து மறுத்தன. ஒன்று எடுத்தது. எங்கள் கடிதத்தால்தான் எடுத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன், எனக்கு அது தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அவள் போய்ச் சேர்ந்தபோது, அவளோடு படித்த பையன் ஒருவன் அதே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் இருந்தான். இடையில் போன அந்த ஒரு வருடம் என் கணக்கில்.

6. அங்கிருந்து வந்த அழைப்பு

போய் மூன்று மாதத்தின் பின் ஷெரின் வாட்ஸ்அப்பில் எடுத்தாள். குளிரைப் பற்றியும் சமையலைப் பற்றியும் கதைத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினாள்.

"மெடம், வெள்ளிக்கிழமை குரூப் மீட்டிங். புரொஃபஸர் அவரோட கிராஃப் ஒண்ணு போட்டாரு. அதுல எரர் பார் கோடெல்லாம் தப்பு. போன கிழமையும் அதே கிராஃபைப் போட்டாரு, நான் பேசாம இருந்துட்டேன். இந்தத் தடவ சொல்லிட்டேன்."

"சொன்னீரோ?"

"ஆமா மெடம். சொல்லி முடிச்சதும், நாளைக்கே டிக்கட் எடுத்துத் திருப்பி அனுப்பிருவாங்கன்னு நினைச்சேன்."

"அவர் என்ன சொன்னவர்?"

"'ஓ, தேங்க்ஸ்'ன்னு சொல்லி எழுதி வச்சிக்கிட்டு, அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டாரு."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான் மெடம்."

அவள் சிரித்தாள். நான் சிரித்துச் சமாளித்துவிட்டு போனை வைத்தேன்.

இதை வாசிக்கும் இளம் விரிவுரையாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. யாருக்காவது கடிதம் எழுதுமுன், 'என்னிடத்தில் நீர் கண்ட பிழை என்ன?' என்று அந்தப் பிள்ளையைக் கேளுங்கள். பதில் வந்தால் கடிதம் பாதி எழுதியாயிற்று. வராவிட்டால், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டாதீர்கள். உங்களிடம் சொல்லலாம் என்று அதற்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். முப்பத்துநாலு வருடம் படிப்பித்தேன். ஷெரின் ஒருத்திதான் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். அதுவும் நான் கேட்ட பிறகு.