ஷன்னில் முடியும் சொற்கள்

ஜெயகுமாரிக்கு ஆங்கிலத்தில் பிடித்ததெல்லாம் நீளமான சொற்கள்தான். அதிலும் கடைசியில் ‘ஷன்’ என்று வந்து விழுகிற சொற்கள் என்றால் உயிர். ஏற்காடு கடைவீதியில் ஒரு மாடியறையில் சுருக்கெழுத்து கற்றபோது வந்த ஆசை அது. சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும், கோட்டின் நுனியில் ஒரு சின்னக் கொக்கி போட்டால் அந்த ஷன் அடங்கிவிடும். சொல்லிக்கொடுத்த லாசர் சார் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். காது கேட்க வேண்டும், கை எழுத வேண்டும், நடுவில் அர்த்தத்தை நுழையவிட்டால் வேகம் போய்விடும்.

அர்த்தத்தை அவள் வீடு திரும்பும் நாகலூர் பஸ்ஸில் கையகல அகராதியை வைத்துப் பார்த்துக்கொள்வாள். ராத்திரிச் சோறு வேகும்போது அம்மா மாரியம்மாளுக்கு அதைச் சொல்லுவாள். இமாஜினேஷன் என்றால் இல்லாததை மனசுக்குள் பார்ப்பது. ஹெசிடேஷன் என்றால் செய்யலாமா வேண்டாமா என்று தயங்குவது. பக்கத்து வீட்டுச் சின்னத்தாயியும் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

“தயங்கறதுக்கு எதுக்கு சாமி இத்தனை நீளம்?” என்பாள் மாரியம்மாள். எல்லாரும் சிரித்துவிட்டுச் சாப்பிடுவார்கள்.

அவர்கள் இருந்தது காப்பி எஸ்டேட்டில், கூலியாட்களுக்கான லைன் வீட்டில். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆளுக்கு ஓர் அறை. மாரியம்மாள் கல்யாணமாகி வந்து இறங்கியது அந்த அறையில், செத்த புருஷனைத் தூக்கிக்கொண்டு போனதும் அதே வாசலிலிருந்துதான். குப்பனூரில் பிறந்த வீடு என்று ஒன்று இருந்தது. அண்ணன் அதை விற்றுத் தின்று முடித்துவிட்டான். இந்த அறை போனால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. இப்படி இருக்கும்போதுதான் எஸ்டேட் கைமாறியது. வாங்கினவர் சேலத்துக்காரர். லைனை இடித்துவிட்டு டூரிஸ்டுகளுக்கு லாட்ஜ் கட்டப் போகிறார் என்று பேச்சு அடிபட்டது.

அந்தச் சமயத்தில் ஜெயகுமாரிக்கு எஸ்டேட் ஆபீசிலேயே டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. லைன் முழுக்க நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

“உள்ளார நம்ம புள்ள இருக்குதல்ல. ஏதாச்சும்னா முன்னாடியே நமக்குத் தெரிஞ்சிரும்” என்று மாரியம்மாள் எல்லாருக்கும் தைரியம் சொன்னாள். அந்தத் தைரியத்தில்தான் லைன் தூங்கியது.

தை மாதம், காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக நடந்த நேரம். ஒருநாள் காலையில் மேனேஜர் கூப்பிட்டு உட்காரவைத்து, மடமடவென்று சொல்ல ஆரம்பித்தார். ரேஷனலைசேஷன், ரெனவேஷன், டிஸ்கன்டினியுவேஷன், அகாமடேஷன். சொல்லுக்குச் சொல் ஷன். ஜெயகுமாரியின் பென்சில் பறந்தது, ஒரு கொக்கிகூடப் பிசகவில்லை. அவர் மூச்சு வாங்கி நிறுத்தியபோது அவளும் கூடவே நிறுத்தியிருந்தாள்.

“குட். நல்ல ஸ்பீடு” என்றார். பாவிப் பெண் அந்தப் பாராட்டில் பூரித்துப்போனாள்.

டைப்ரைட்டரில் தாளைச் செருகி, நோட்டைப் பார்த்து அடிக்க அடிக்கத்தான் அர்த்தம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. ஆட்களைக் குறைக்கிறார்கள். வேலையை நிறுத்துகிறார்கள். மாசக் கடைசிக்குள் வீடுகளைக் காலி செய்ய வேண்டும். ஏழைகளை வீட்டைவிட்டுத் துரத்துவதற்கு எத்தனை கௌரவமான சொற்கள் வேண்டியிருக்கின்றன பாருங்கள். கிழித்துப் போட்டுவிட்டு லைனுக்கு ஓடலாமா என்று நினைத்தாள். ஓடினால் வேலை போகும், இரண்டு பேரும் பட்டினி. பயந்துவிட்டாள், அதுதான் உண்மை. பயந்துகொண்டே பிழையில்லாமல் அடித்து முடித்தாள்.

தாளை மேனேஜரிடம் நீட்டினாள். “ஏனுங்க சார், எங்கம்மா மட்டும் அந்த ஊட்டுலயே இருந்துக்கட்டுங்க. வேற ஒன்னும் கேக்கலைங்க.”

“ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் வந்து நிப்பாங்கம்மா” என்றார் மேனேஜர். அவர் குரலில் கோபமே இல்லை. “உன் வேலைக்கு ஒன்னும் ஆகாது, பயப்படாதே. சாயங்காலம் எடை போடுற இடத்துல நீயே படிச்சுக் காட்டிரு. நீ சொன்னா கேப்பாங்க.”

சாயங்காலம் பழ மூட்டைகளோடு எல்லாரும் வந்து நின்றார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஜெயகுமாரி தாளைப் பிரித்து ஆங்கிலத்திலேயே சத்தமாகப் படித்தாள். அது முடியாமல் நீண்டுகொண்டே போகக் கூடாதா என்று அவள் உள்ளுக்குள் தவித்தாள். மாரியம்மாளுக்கோ முகமெல்லாம் பெருமை. அத்தனை பேருக்கு முன்னால் பெற்ற மகள் இங்கிலீஷ் படிக்கிறாள்.

“என்னமாப் படிக்குது புள்ள” என்றாள் சின்னத்தாயி. “இப்ப தமிழ்ல சொல்லு கண்ணு.”

ஜெயகுமாரிக்கு நேராகச் சொல்ல வாய் வரவில்லை. அகராதியில் இருப்பதைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தாள். “ரெனவேஷன்னா… புதுப்பிக்கிறதுங்க்கா. அகாமடேஷன்னா தங்குற எடம்.”

சின்னத்தாயி கையைத் தட்டினாள். “அப்ப ஊட்டைப் புதுப்பிச்சுத் தாராங்களா?”

“மழைக்கு நொம்ப ஒழுவுதுன்னு போன வருசமே சொன்னேனே” என்று மாரியம்மாள் பக்கத்தில் நின்றவளிடம் திரும்பினாள். கூட்டத்தில் சிரிப்புக்கூடக் கேட்டது.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஜெயகுமாரியால் முடியவில்லை. “இல்லீங்க்கா. காலி பண்ணச் சொல்றாங்க. மாசக் கடைசிக்குள்ள. எல்லாரையும்.”

முதலில் மாரியம்மாள்தான் கேட்டாள். “நம்மளையுமா?”

“நம்மளையுந்தாம்மா.”

“இதை மிஷின்ல அடிச்சது நீயா கண்ணு?”

“நாந்தாம்மா.”

“காத்தாலயே தெரியுமா?”

“தெரியும்மா.”

மாரியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் மூட்டையைத் தராசுப் பக்கம் இழுத்தாள். மூட்டை கனம். ஜெயகுமாரி தாளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தாள்.

மாரியம்மாள் நிமிர்ந்து, மேனேஜரிடமும் எடை எழுதுகிற ரைட்டரிடமும் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

“நீங்க உடுங்க. நானே தூக்கிக்கறனுங்க.”