அவசரமில்லை என்றார் அங்கிள்

"உங்களிடம் கறுப்பு கோட் இருக்கிறதா?"

இரண்டு மாதங்களுக்கு முன்னால், ஒரு காலை, என் மேசை முன் வந்து நின்று மோரி சான் இப்படிக் கேட்டார். எங்கள் கம்பெனியின் மெல்பர்ன் கிளைக்கு அவர்தான் தலைவர். ஜப்பானிலிருந்து வந்தவர். பெயருக்குப் பின்னால் 'சான்' போடுவது அவர்கள் மரியாதை, நம்ம 'சார்' மாதிரி. யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். அவர் தமிழர். நீங்களும் வந்தால் நல்லது."

மன்னிப்புக் கேட்க கோட்டா? 'சாரிப்பா' என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிற ரகம் நான். ஆனாலும் கோட்டைத் தேடிப் போட்டுக்கொண்டேன்.

நான் வேலை பார்ப்பது மெல்பர்னின் புறநகரான மல்கிரேவில். மாடிப்படி ஓரமாக ஒரு தண்டவாளம் பதித்து, அதில் மெல்ல ஏறி இறங்குகிற நாற்காலி இருக்கிறதல்லவா, ஸ்டேர்லிஃப்ட்... அதுதான் எங்கள் சரக்கு. முழங்கால் போனவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் உட்கார்ந்து பட்டனை அழுத்தினால் மாடிக்குப் போய்விடலாம். அதற்கு உதிரி பாகங்கள் வாங்கிப் போடுவது என் வேலை.

சில மாதங்களுக்கு முன் எங்கள் சர்வீஸ் லைனில் ஏஐ வந்து உட்கார்ந்தது. போனை எடுக்கும். அழகாகப் பேசும். எந்த வீட்டுக்கு மெக்கானிக் முதலில் போக வேண்டும் என்று அதுவே வரிசையும் போடும். இங்கே சோதித்துப் பார்த்துவிட்டு ஜப்பானுக்குக் கொண்டு போவது திட்டம். அங்கேதான் தேவை அதிகம். தனியாக வசிக்கும் முதியவர்கள் ஏராளம். போனை எடுத்துப் பேசக்கூட ஆள் கிடைப்பதில்லை என்பார் மோரி சான்.

மோரி சான் சொன்ன அந்தத் தமிழர் சிவபாதம் அங்கிள். அவர் வீடு எங்கள் ஆபீசிலிருந்து காரில் பத்து நிமிடம். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மனைவிக்கு, அவர்கள் பேச்சில் 'அன்ரி'க்கு, பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. படுக்கையறை, குளியலறை எல்லாம் மாடியில். எங்கள் நாற்காலிதான் அவர்களை அந்த வீட்டிலேயே வாழ வைத்துக்கொண்டிருந்தது. அது நின்றுபோனது. அன்ரி மேலே மாட்டிக்கொண்டார்.

அங்கிள் போன் செய்தார். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. ஒவ்வொரு முறையும் மெஷினை 'சார்' என்று கூப்பிட்டார். "தொந்தரவுக்கு மன்னிக்கவும், அவசரம் ஒன்றுமில்லை, உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது வந்தால் போதும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கடைசியில் நன்றியும் சொன்னார்.

மெஷின் என்ன செய்தது? அவரைக் கடைசியில் போட்டது. கத்தியவர்கள் முன்னே போனார்கள். 'கேஸ் போடுவேன்' என்றவர்கள் இன்னும் முன்னே போனார்கள். அங்கிள் பெயருக்கு எதிரே, 'வாடிக்கையாளர் திருப்தியாக இருக்கிறார்' என்று குறிப்பு வேறு.

இதற்கிடையே அன்ரியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டிய நாள் வந்தது. அங்கிள் அவரைத் தன்னோடு சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். பாதியில் கால் வழுக்கியது. அன்ரியைப் படியில் உட்கார வைத்துவிட்டுத்தான் அவர் உருண்டார். தோள்பட்டை எலும்பு உடைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறக்கும்வரை ஒருவர் படியிலும் ஒருவர் தரையிலுமாகக் கிடந்திருக்கிறார்கள்.

கிளம்புவதற்கு முன் ஆபீசில் அந்தப் போன் பதிவுகளைப் போட்டுக் கேட்டோம். மெஷின்மேல் தப்பில்லை என்றார்கள் சிலர். அவர்தானே அவசரமில்லை என்று சொன்னார்? நேரில் போனால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றார் வக்கீல். மன்னிப்பு மடல் ஏற்கெனவே போய்விட்டதாம். அதையும் அந்த மெஷினே எழுதியிருந்தது... தமிழில், ஒரு பிழை இல்லாமல்!

மோரி சான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என் அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். ஒருநாள் வழுக்கி விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அங்கிருந்தபடியே எனக்குப் போன் செய்தார். 'வேலை நேரத்தில் தொந்தரவு செய்கிறேன், மன்னித்துக்கொள்' என்றுதான் ஆரம்பித்தார். இந்த மெஷின் என் அம்மாவை எங்கே போடும்?"

நான் மதுரைக்காரன். எங்கள் வீட்டில் உப்பு கேட்டாலே தெருவுக்குக் கேட்கும். நான் போன் போட்டிருந்தால் மெக்கானிக் ஓடி வந்திருப்பார் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

அங்கிள் வீட்டு வாசலில் மோரி சான் குனிந்தார். இடுப்பு வளைய, கைகள் தொடையோடு ஒட்டியிருக்க, நிமிரவே இல்லை. கையில் கட்டோடு நின்ற அங்கிள் பதறிப்போனார்.

"ஐயோ, என்ன இது! நிமிருங்கோ, நிமிருங்கோ. தம்பி, அவருக்குச் சொல்லுங்கோ. எங்களால உங்களுக்குத்தான் எவ்வளவு கரைச்சல்..."

அடிபட்டவரும் மன்னிப்புக் கேட்கிறார். அடிபடக் காரணமானவரும் மன்னிப்புக் கேட்கிறார். நடுவில் நான் மொழிபெயர்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உள்ளே அவர் மகன் ரமணன் இருந்தான். சிட்னி, பிளாக்டவுனிலிருந்து வந்திருந்தான். "அப்பா, ஸ்டாப் சேயிங் சாரி! அவையள்தான் சொல்லவேணும்" என்று சீறினான். எங்களைப் பார்த்து, "வீட்டை விக்கப் போறம். இவையை என்னோட கூட்டிக்கொண்டு போறன்" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடைந்த தோளோடு அங்கிளால் இனி அன்ரியைத் தூக்க முடியாது. அங்கிள் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "இஞ்ச எங்களுக்குப் பழகிப்போச்சு" என்றார். கேரம் டவுன்ஸ் கோயிலும், அன்ரியைத் தெரிந்த டாக்டரும், இருபத்தைந்து வருட வாழ்க்கையும் இங்கேதான்.

சரிசெய்த நாற்காலியில், அங்கிள் பேச்சில் 'கதிரை'யில், அன்ரி மெல்ல இறங்கி வந்தார். தேத்தண்ணி குடிக்காமல் போகக்கூடாது என்று கையாலேயே சொன்னார்.

அங்கிள் எங்கள் மடலை எடுத்துக் காட்டினார். "நல்ல தமிழ். ரெண்டு தரம் வாசிச்சனான். ஆனா கீழ ஒருத்தற்ற பேரும் இல்லை. பதில் எழுதுவம் எண்டு பாத்தன். ஆருக்கு எழுதிறது?"

அதை மொழிபெயர்த்தபோது மோரி சானின் முகம் சிவந்துவிட்டது. மடலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "அடுத்த முறை தயவுசெய்து கோபப்படுங்கள். கத்துங்கள்" என்றார்.

அன்ரிக்குப் பேச்சு குழறும். ஆனாலும் அவர்தான் பதில் சொன்னார். "இவர்... என்னோடயே... ஒருநாளும்... கத்தினதில்லை."

மோரி சான் தலையை ஆட்டினார். "அப்படியானால் நாங்கள்தான் கேட்கப் பழக வேண்டும்."

மெஷினைத் தூக்கிப் போடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஆளில்லாத நாட்டுக்கு அது வேண்டும் என்றார். ஆனால் தலைமையகத்தோடு மல்லுக்கட்டினார். அடக்கமாகப் பேசுகிறவர்களைப் பின்னால் தள்ளுகிற மெஷினை ஜப்பானுக்குக் கொண்டு போனால், ஒரு நாடே வரிசையின் கடைசியில் போய் நிற்கும் என்றார். மெஷின் எடுக்கிற ஒவ்வொரு முடிவுக்கும் கீழே ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும், தப்பு நடந்தால் அவர் நேரில் போய்க் குனிய வேண்டும் என்றார்.

ஜப்பானியக் கம்பெனியில் ஒரு முடிவு எடுப்பதற்குள் நமக்கு வயதாகிவிடும். கூட்டத்துக்கு முன்னாலேயே ஒவ்வொரு மேசையாகப் போய், தனித்தனியாகச் சம்மதம் வாங்குவார்கள். எத்தனை தடவை எரிச்சல்பட்டிருப்பேன்! இப்போது அதே வழியில் மோரி சான் போன் மேல் போன் போட்டு ஒவ்வொருவரிடமாகப் பேசினார். ஜப்பானுக்குப் போக இருந்த மெஷின் நிறுத்தி வைக்கப்பட்டது. மெஷின் இத்தனை வேகமாக இருக்கிற இடத்தில், யாரோ ஒருவர் மெதுவாக இருப்பது எவ்வளவு அவசியம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இங்கே உடனே விதி மாறியது. படியேற முடியாதவர் இருக்கிற வீட்டிலிருந்து யாராவது 'அவசரமில்லை' என்று சொன்னால் திரையில் சிவப்பாக எரியும். சிவப்பு எரிந்தால் முதலில் வண்டி கிளம்ப வேண்டும், கேள்வியெல்லாம் அப்புறம்தான். அந்த முடிவின் கீழே மோரி சானின் பெயரே இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை திரை சிவப்பாக எரிந்தது. சிவபாதம் அங்கிள்!

மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினார். மோரி சானும் நானும் பின்னால் காரில் விரைந்தோம். இந்த முறை விட்டுவிடக்கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். போன் வந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

வாசலில் 'விற்பனைக்கு' என்ற பலகை நின்றது, மேலே 'விற்றாயிற்று' என்று ஒட்டியிருந்தார்கள். கூடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அன்ரியை முந்தின நாளே ரமணன் சிட்னிக்குக் கூட்டிப் போய்விட்டான். மாடிப்படியின் அடியில் அந்த நாற்காலி மட்டும் காலியாக நின்றது.

மூச்சிரைக்க நின்ற எங்கள் மூவரையும் அங்கிள் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"கதிரையைக் கழட்டிக்கொண்டு போகத்தானே தம்பி கேட்டனான்... இதுக்கு ஏன் இவ்வளவு அவசரப்பட்டு வந்தனீங்கள்?"